இடப்பக்க மட்காட்

"காக்கா, இது கப்பல்ல வந்த பெட்டியா, கருவாட்டு லொறியில வந்த பெட்டியா?" என்று மூக்கைச் சுளித்தான் றஸாக்.

"ரெண்டுலயும் வந்ததுதான். நீ ஆணியக் கழட்டு," என்றார் ஹமீட் பாஸ்.

"செக்பொயின்ற்ல ஆமிக்காரன் கழட்டிப் பாத்துப்போட்டு, கோபத்தில அடிச்ச ஆணி போல கிடக்கு. வருகுதில்ல."

சாய்ந்தமருது பிரதான வீதியோரத்து டிங்கர் கராஜ் ஹமீட் பாஸுடையது. அது நிற்கிற வளவு அவருடைய மனைவி ஹாஜறாவின் சீதனம். மருதமுனையில் பிறந்து, கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு வந்து இருப்பவர் அவர். அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவரைக் காக்கா என்று கூப்பிடுகிற றஸாக், அவரிடம் பெயின்ற் அடிக்கிறவன். நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் மட்டும் இன்னும் இளந்தாரி. இந்தப் பக்கத்தில் வேன் இடிபட்டாலும் லொறி இடிபட்டாலும் புது உறுப்பு வாங்கிப் பூட்டுகிற வழக்கம் கிடையாது. தகரத்தை வெட்டி, மணல் மூட்டையில் வைத்துத் தட்டித் தட்டி, வண்டி எப்படி நிற்கிறதோ அதற்குத் தகுந்தபடி வளைத்துவிடுவார் ஹமீட் பாஸ். வண்டியை அவர் அளப்பதில்லை. தகரம்தான் வண்டிக்குப் பணிந்துபோக வேண்டும். சக்கரத்தை மூடுகிற மட்காட் ஒன்று அச்சில் அடித்து முடித்தபடி கடல் தாண்டி அவர் கராஜுக்கு வந்தது, தொண்ணூற்றாறாம் ஆண்டின் அந்தப் புதன்கிழமைதான் முதல் தடவை.

பெட்டிக்குப் பக்கத்தில், கோயிலுக்கு வந்தவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் செல்லத்தம்பி ஐயா. காரைதீவுக்காரர். நீர்ப்பாசன இலாகாவில் எஞ்சினியராக இருந்து இளைப்பாறியவர். எழுபத்தொன்றில் பதுளைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற எம்.ஜி. காரை வாங்கியவர். கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்புக் கார். கலவரம் தொடங்கிய பிறகு ஆறு வருடம் கொட்டிலுக்குள் கிடந்து, கடல் காற்று இரண்டு முன் மட்காட்டையும் தின்றுவிட்டது.

"மகன்தான் இங்கிலாந்தில இருந்து அனுப்பியிரிக்கான்," என்றார் ஐயா. இதை அவர் அன்று சொன்னது நாலாவது தடவை.

"தனஞ்சயன் தம்பியா?"

"எனக்கு வேற மகன் ஆரு? பதினொரு வருசமா எனக்கு ஒரு கடதாசி போட்டவனில்ல. தாய்க்கு மட்டுந்தான் எழுதுவான். கார் கறள் பிடிச்சுக் கிடக்கு, அப்பா அதையே பாத்துக்கொண்டு இரிக்காரு எண்டு என்ட மனிசி எழுதிப்போட்டா. பாருங்க, ஒண்டும் சொல்லாம இத அனுப்பியிரிக்கான்."

பெட்டியின் மேலே ஒட்டியிருந்த துண்டில் "அப்பாவுக்கு" என்று தமிழில் எழுதியிருந்தது. றஸாக் பலகையைப் பெயர்த்தபோது, அந்தத் துண்டு கிழியாமல் ஐயா தானே நகத்தால் உரித்தெடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இடப்பக்க மட்காட்டைத்தான் முதலில் வைத்துப் பார்த்தார்கள். றஸாக் முன்பக்கம் தாங்கிப் பிடித்தான். ஹமீட் பாஸ் கதவோரம் குந்திக்கொண்டு போல்ட்டுகளை விரலால் ஏற்றினார். கதவோரத்துத் துளைகள் சரி. கண்ணாடிக்குக் கீழே உள்ளவை சரி. முன்னே போகப் போகத் துளைகள் விலகின. மட்காட்டின் மூக்கு காரைத் தாண்டிப் பெருவிரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

"காக்கா, பொண்ணுக்கும் மாப்பிளைக்கும் பொருத்தமில்ல," என்றான் றஸாக்.

"நீ வாயப் பொத்திக்கொண்டு பிடி."

கழற்றி மறுபடி வைத்தார். அதே பெருவிரல்.

"கொஞ்சம் தட்டினாச் சரிவராதா, பாஸ்?" என்று கேட்டார் ஐயா. "நீங்க தட்டினா வராத தகரமா? அந்தப் பழைய இடப்பக்க மட்காட்ட இவருதான் தட்டினவரு றஸாக், எண்பத்திரெண்டுல. மட்டக்களப்பில இருந்து எங்கட பெரிய எஞ்சினியர் வந்தாரு. எது கம்பனி மட்காட், எது ஹமீட் மட்காட் எண்டு சொல்லுங்க பாப்பம் எண்டன். மனுசன் ரெண்டு பக்கமும் தடவித் தடவிப் பாத்துப்போட்டு, வலப்பக்கம்தான் ஹமீட் எண்டாரு. எப்பிடி?"

அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் ஹமீட் பாஸுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும். ஊரில் அவருக்குப் பெயர் வந்ததே அந்த மட்காட்டால்தான். அந்தப் பெருமையோடுதான் எழும்பி நின்று, அளவுநாடாவைத் தொடாமலே சொன்னார்:

"இது தட்டுற வேலையில்ல ஐயா. மட்காட் பிழை. வேற வருசத்துக் காருக்கு அடிச்சது. தம்பிய ஆரோ நல்லா ஏமாத்திப் போட்டானுகள்."

ஐயாவின் கட்டிய கை அவிழ்ந்தது.

"அப்பிடியா?"

"ஓம் ஐயா. பாக்கவே தெரியுதே."

"அவன் அப்பிடித்தான்," என்றார் ஐயா. "சின்னனில இருந்தே எதையும் பாத்துச் செய்யமாட்டான். பொறுப்பில்ல. நானும் ஒரு விசரன், பெட்டியக் கண்ட உடனே... இண்டைக்கே எழுதிறன். நம்பரப் பாத்தாடா வாங்கின நீ எண்டு கேட்டு எழுதிறன்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி ஓடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் லுகர் தொழுதுவிட்டு வந்த ஹமீட் பாஸ், சும்மா கிடக்கிறதே என்று வலப்பக்க மட்காட்டைத் தூக்கி வைத்தார். சட்டிக்கு மூடி போட்டதுபோலப் போய் உட்கார்ந்தது. பதினாறு துளைக்கும் பதினாறு போல்ட்டு, ஒன்றைக்கூட நெம்ப வேண்டியிருக்கவில்லை. ஒரே பெட்டியில் ஒரே கடையில் வாங்கிய இரண்டில் ஒன்று சரி, ஒன்று பிழையா?

றஸாக் சாப்பிடப் போயிருந்தான். ஹமீட் பாஸ் நூல் எடுத்தார். வலப்பக்கம் முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவுக்குப் பிடித்து முடிச்சுப் போட்டார். அதே நூலை இடப்பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார். முடிச்சு பின் சில்லின் நடுவைத் தாண்டி நின்றது. ஒரு அங்குலம்.

அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டார்.

தெரியாத அங்குலம் இல்லை அது. எண்பத்திரெண்டில் ஐயா மாட்டுக்கு விலத்தப் போய்ப் போக்குப்பாலத்துக் கட்டுச்சுவரில் இடித்து, காரின் இடது முன்மூலை உள்ளே போயிருந்தது. தென்னை மரத்தில் சங்கிலி கட்டி இழுத்தார் ஹமீட். அப்போது வயது இருபத்தாறு. கராஜ் திறந்து மூன்று மாதம். வந்தது வந்தது, கடைசி ஒரு அங்குலம் மட்டும் வரவில்லை. இன்னும் இழுத்தால் தென்னை சாயும், அது மாமனார் நட்ட தென்னை. விட்டுவிட்டார். விட்டுவிட்டு, அந்த அங்குலத்தை மறைக்கிற மாதிரி ஒரு மட்காட்டைத் தட்டினார், கண்ணும் கையும் தோற்கிற மாதிரி அப்படி ஒரு மட்காட். ஐயா ஓட்டிப் பார்த்துவிட்டு, "கார் கொஞ்சம் இடப்பக்கம் போகப் பாக்குது பாஸ்," என்றபோது, "அது ரோட்டுச் சரிவு ஐயா," என்று சொன்னதும் அவர்தான். ஊர் புகழப் புகழ அந்த அங்குலம் அவருக்கே மறந்துபோயிருந்தது. இங்கிலாந்தில் அச்சில் அடித்த தகரம் ஒன்று வந்து, வாய் திறக்காமல், அதை நினைவுபடுத்திவிட்டது.

கடிதம் இன்னும் போயிருக்காது, வெள்ளிக்கிழமைத் தபாலில்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். சைக்கிளை எடுத்துக் காரைதீவு வரைக்கும் போனார். ஐயா வாசலில் நின்று, "என்ன பாஸ், இந்த வெயிலுக்குள்ள?" என்று கேட்டார்.

"கார்ச் சாவி, ஐயா. மறந்துபோய் உங்களிட்டயே விட்டுட்டன்."

சாவியை வாங்கிக்கொண்டு திரும்பினார். கடிதம் வெள்ளிக்கிழமை போயிற்று. அன்று ஜும்ஆத் தொழுகையில் குத்பாப் பிரசங்கம் என்ன சொன்னது என்று பிறகு யாராவது கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு மாதம் மட்காட் சுவரில் சாய்ந்து நின்றது. கராஜுக்குள் போகும்போதும் வரும்போதும் அதற்கு முகம் கொடுக்காமல் நடந்தார். முப்பதாம் நாள், வேறு வழி தோன்றாமல், அதைப் படுக்கப் போட்டு, மூக்கில் ஒரு அங்குலம் தள்ளிச் சோக்கட்டியால் கோடு இழுத்தார். வெட்டி ஒட்டிப் பட்டி பூசினால் ஒருவருக்கும் தெரியாது. தகரம் வெட்டுகிற கத்தரியைக் கையில் எடுத்தபோதுதான் ஐயா வந்தார்.

"பாஸ், வந்திட்டுது. ஒத்துக்கொண்டான்."

கையில் நீலக் கடதாசி. றஸாக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வகுப்பில் வாசிப்பதுபோலச் சத்தமாக வாசித்தார்:

"'அப்பா, நம்பரை மூன்று தரம் பார்த்துத்தான் வாங்கினேன். உங்கள் கடிதம் வந்ததும் வேலைக்கு லீவு போட்டுக் கடைக்குப் போனேன். மட்காட் சரியானதுதான், காரில்தான் ஏதோ கோளாறு இருக்கும் என்று கடைக்காரன் சொல்லிச் சிரித்தான். நான் அவனோடு சண்டை பிடித்தேன். அப்பா பொய் சொல்லமாட்டார் என்று சொன்னேன். யோசித்துப் பார்க்கையில் பிழை என்னுடையதாகத்தான் இருக்கும். அந்தக் கார் விசயத்தில் நான் தொட்டது எதுவும் சரிவந்ததில்லைதானே. மன்னித்துக்கொள்ளுங்கள். இனி அதைப்பற்றி எழுதமாட்டேன்.'"

ஐயா கடதாசியை மடித்தார்.

"பாத்தீங்களா? தன்ட பிழை எண்டு தன்ட வாயாலயே சொல்லிட்டான். அண்டைக்கும் இப்பிடி ஒத்துக்கொண்டிருந்தா எனக்கு ஏன் கோபம் வரப்போகுது?"

"எண்டைக்கு ஐயா?" என்று கேட்டான் றஸாக்.

"எண்பத்தஞ்சில. எனக்குச் சொல்லாமக் கார எடுத்துக்கொண்டு போய், மாவடிப்பள்ளி வளைவுல வாய்க்காலுக்குள்ள இறக்கிப்போட்டான். வயலுக்குள்ள நிண்ட சனமெல்லாம் ஓடி வந்திட்டு. ஏன்டா எண்டா, 'அப்பா, கார் தன்பாட்டில இடப்பக்கம் இழுக்குது' எண்டான். அது ரோட்டுச் சரிவுடா, எல்லாருக்கும் உள்ளதுதானே, நான் இத்தன வருசம் ஓட்டல்லயா எண்டு அவ்வளவு சனத்துக்கும் முன்னால கன்னத்தில குடுத்தன். பத்தொன்பது வயசுப் பொடியன். அடுத்த மாசமே வெளிநாட்டுக்குப் போயிட்டான்."

"காக்கா, என்ன வேர்க்குது உங்களுக்கு?" என்றான் றஸாக்.

"வெயில்," என்றார் ஹமீட் பாஸ். ஐயாவுக்குத் தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தார். ஐயா குடித்து முடித்து, சைக்கிளில் ஏறி, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கத்தரி அவர் கையிலேயே இருந்தது.

பின்னேரம், அசர் தொழுகை நேரம், ஹாஜறா கராஜுக்குள் வந்தாள். சாதாரணமாக அவள் அங்கே கால் வைப்பதில்லை, எண்ணெய் ஒட்டும் என்று.

"இஞ்சருங்க, சோறு கிடந்து ஆறுது. என்ன, காருக்குக் காவல் இரிக்கீங்களா?"

"ஹாஜறா, இதுல ஒரு கத இரிக்கு."

"கதையா? சொல்லுங்க. எனக்கும் ஒரு மாசமா ஒங்கட மொகத்தப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு."

சொன்னார். நூலையும் காட்டினார். அவள் நூலைத் தானே வாங்கி, ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் பிடித்து, முடிச்சைப் பார்த்தாள்.

"அப்ப ஒங்களுக்கு அண்டைக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அந்த மனிசன் வாற நேரமெல்லாம், எது கம்பனி எது ஹமீட் எண்டு சொல்லச் சொல்லப் பல்லக் காட்டிக்கொண்டு நிண்டீங்க."

அவள் குனிந்து சோக்கட்டிக் கோட்டைத் தொட்டாள்.

"இப்ப இந்தக் கோடு என்னத்துக்கு?"

"வெட்டினா ஒருத்தருக்கும் தெரியாது."

"வெட்டுங்க," என்றாள் ஹாஜறா. "வெட்டிப்போட்டு, வளவுக்கு வெளிய எங்கயாவது கொண்டுபோய்ப் பூட்டுங்க. இது என்ட வாப்பா எனக்குத் தந்த நிலம். அந்தப் பொடியன் அடி வாங்கினது இதுல தட்டின தகரத்தால. இன்னொண்டும் இதுல தட்டவேணாம்."

"சொன்னா என்ட பேர் என்ன ஆகும் புள்ள? இந்த ஊருல ஓடுற வண்டியில பாதி நான் தட்டினது."

"அது எனக்குத் தெரியா. சோத்தத் தின்னுபோட்டு யோசிங்க."

சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் அப்படியே போயிற்று. ஞாயிறு பின்னேரம் ஹமீட் பாஸ் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நூலைப் பையில் வைத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனார். ஐயாவும் மனைவி தங்கேஸ்வரி அம்மாவும் முற்றத்துக் கதிரையில் இருந்தார்கள். போன உடனே சொல்லிவிட வேண்டும், இருந்தால் வாய் வராது என்று நின்றபடியே சொன்னார்.

"ஐயா, மட்காட் பிழையில்ல. கார்தான் பிழை. எண்பத்திரெண்டுல நான் இழுத்த இழுவையில ஒரு இஞ்ச் வரல்ல. எனக்குத் தெரியும். மறைக்கத்தான் அந்த மட்காட்டத் தட்டினன். ரோட்டுச் சரிவு எண்டு உங்களுக்குச் சொன்னதும் பொய்."

ஐயா எஞ்சினியர். விளக்கம் தேவைப்படவில்லை.

"முன் சில்லு ஒரு இஞ்ச் பின்னுக்கு நிண்டா," என்றார் மெதுவாக, "இழுக்கும்."

"இழுக்கும் ஐயா."

"இடப்பக்கம்."

"ஓம்."

"வேகமாப் போனா இன்னும் கூட."

"ஓம் ஐயா."

தங்கேஸ்வரி அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எழும்பினார். "அவன் அண்டைக்குச் சொன்னான்தானே," என்று புருசனைப் பார்த்துச் சொன்னார். "இந்த முற்றத்தில நிண்டு அழுதழுது சொன்னான். நான் நம்பினன்." அவ்வளவுதான். உள்ளே போனார்.

ஐயா ஏசுவார் என்று ஹமீட் பாஸ் எதிர்பார்த்தார். அடித்தாலும் வாங்குவோம் என்றுதான் வந்திருந்தார். ஐயாவோ எழும்பிச் செருப்பைத் தேடினார்.

"நடவுங்க, பாஸ்."

"எங்க ஐயா?"

"கல்முனைக்கு. அவனுக்கு டெலிபோன் கோல் எடுப்பம். அவன் இப்ப வீட்டில இரிப்பான், ஞாயிற்றுக்கிழம."

"நீங்க கதைங்க ஐயா. நான் வந்து..."

"நான் என்னத்தக் கதைக்கிற? நீங்க எனக்குச் சொன்ன பொய்யத்தான் நான் அவனுக்குச் சொன்னன் எண்டு சொல்றதா? நீங்க சொல்லுங்க. அவனுக்கு நீங்கதான் சொல்லணும்."

கல்முனைக் கொமியூனிகேசன் என்கிற டெலிபோன் கடையில் ஞாயிறு பின்னேரம் எப்போதும் சனம். மத்திய கிழக்கில் பிள்ளைகள் உள்ளவர்கள் வாங்குப் பலகையில் வரிசையாக இருந்தார்கள். நம்பர் கிடைக்க முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. கூண்டுக்குக் கதவு இருந்தது, ஆனால் இருவரும் உள்ளே நிற்க, அதைச் சாத்த முடியவில்லை.

"தம்பி, நான் சாய்ந்தமருது ஹமீட். டிங்கர் பாஸ்."

அந்தப் பக்கம் இரைச்சல். பிறகு, "அப்பாவுக்கு என்ன?" என்றது குரல்.

"அப்பாக்கு ஒண்டுமில்ல. சுகமா இரிக்காரு, பக்கத்தில நிக்காரு. நான் ஒரு விசயம் சொல்லத்தான்." வரும் வழியெல்லாம் கட்டி வைத்த வசனம் காணாமல் போயிருந்தது. "நீங்க அனுப்பின மட்காட் சரி, தம்பி. கடைக்காரன் சொன்னது சரி. கார்தான் கோணல். நான்தான் கோணலா விட்டன்."

"எப்ப?"

"எண்பத்திரெண்டுல."

மறுபடி இரைச்சல்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டான் தனஞ்சயன்.

"இடப்பக்கம்."

"அப்ப, அது இழுத்தது?"

"இழுத்தது தம்பி. உங்கட கையில பிழையில்ல."

அவன் கேட்டான், "அப்பாக்குக் கேட்குதா நீங்க சொல்றது?"

ஹமீட் பாஸ் திரும்பிப் பார்த்தார். ஐயா வலது காதைக் கையால் குவித்துக்கொண்டு நின்றார். வயது அவருக்கு எழுபத்திரண்டு.

"சரியாக் கேட்காது போல தம்பி."

"கேட்கிற மாதிரிச் சொல்லுங்க. அண்டைக்குச் சனத்துக்கு முன்னாலதான் அவர் என்னை... சத்தமாச் சொல்லுங்க."

வாங்கில் பதினைந்து பேராவது இருந்தார்கள். அதில் ஏழெட்டுப் பேரின் வாகனம் அவர் கையால் தட்டித் திருத்தியது. ஹமீட் பாஸ் ரிசீவரை வாயருகே பிடித்துக்கொண்டு, ஐயாவின் முகத்தைப் பார்த்து, பள்ளியில் பாங்கு சொல்லும் சத்தத்தில் சொன்னார்:

"கார் தன்பாட்டில இடப்பக்கம் இழுத்தது. தம்பி சொன்னது உண்மை. பிழை என்ட, ஹமீட்ட."

வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பாட்டக் குடுங்க," என்றான் தனஞ்சயன்.

ஐயா ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கினார். காதில் வைத்தார். அந்தப் பக்கம் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார், மகனுக்கு அது தெரியாது என்ற நினைப்பே இல்லாமல். கடைசியில், "ஓம் மகன்," என்றார். "ஓம். நான் கேட்டிருக்கோணும்."

ஹமீட் பாஸ் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட நினைத்தார். வாங்கின் ஓரத்தில் இருந்த சீனிமுகம்மது, மீன் லொறிக்காரர், போன வருடம் முன்பக்கம் முழுக்க ஹமீட் பாஸிடம் தட்டுவித்தவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

"பாஸ்."

"சொல்லுங்க."

"என்ட லொறியும் பிறேக் அடிச்சா ஒரு பக்கமாப் போகுது. நான் டயர் எண்டுதான் நினைச்சன். நீங்களும் டயர் எண்டுதான் சொன்னீங்க."

பக்கத்தில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். மூன்றாவது ஆள் அடக்கவில்லை. ஹமீட் பாஸுக்குக் காதுமடல் வரைக்கும் கொதித்தது. டயர்தான் என்று இப்போதும் சொல்லலாம், சீனிமுகம்மது நம்பக்கூடியவர்.

"நாளைக்குக் காலையில கொண்டாங்க," என்றார். "அளந்து பாத்துத்தான் சொல்லணும்."